அந்தக் குழிகளில் இருந்தது உம்லாசிப் பெண்களின் இரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், கல்யாணமாகித் தென்னாப்பிரிக்கா வந்து 19 வருஷம் ஆகிறது. வாரம் முழுக்க ஓர் ஆய்வகத்தில் இரத்தத்தோடு வேலை, சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். உங்கள் பத்திரிகையை இணையத்தில் தினமும் படிக்கிறவள். போன வாரம் அறிவியல் பக்கத்தில், அரிய செல்லைத் தேடிப் பிடிக்கும் அதிசயக் கிணறு என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வந்தது. இரத்தத்தின் செல்களைப் பொடிக் குழிகளில் தனித்தனியாக வைத்துப் படிக்கும் சீக்வெல் என்ற முறையைப் பற்றியது அது. இரண்டு தடவை படித்தேன். இப்படி ஒரு விஷயம் தமிழில் வந்ததே என்று சந்தோஷம், அதில் விட்டுப்போனதை நினைத்து வருத்தம்.

சின்ன விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதைக் கிணறு என்று எழுதாதீர்கள். ஆய்வகத்தில் நாங்கள் எல்லோரும் வெல் என்றுதான் சொல்வோம், தமிழில் எழுதுவதானால் குழி என்றால் போதும். அந்தக் கட்டுரையை என் வகுப்பில் வாசித்துக் காட்டினேன், 11 வயதுப் பையன் ஒருவன், "டீச்சர், அந்தக் கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டான். நல்ல கேள்விதான். ஒரு குழியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, ஆழமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் சில லட்சம் குழிகளை நிரப்பும். இதைச் சொன்னதும் அவன் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான், ஏனென்றால் கிட்டத்தட்ட அந்த முடி கனம்தான் குழி.

அடுத்தது கொஞ்சம் பெரிய தவறு. குழி எதையும் தேடிப் பிடிப்பதில்லை. பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிய காரியம் என்று புரிய வேண்டுமென்றால், அரிய செல் என்றால் எவ்வளவு அரியது என்று முதலில் தெரிய வேண்டும்.

நம் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டரில் 500 கோடிக்குப் பக்கத்தில் சிவப்பணு. வெள்ளையணு 40 லட்சத்தில் இருந்து ஒரு கோடி வரை. எச்.ஐ.வி. உள்ளவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் வைரஸ் இரத்தத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் திரும்பி வரும். எங்கிருந்து வருகிறது? வெள்ளையணுக்களில் சிடி4 என்று ஒரு வகை உண்டு, உறங்கிக் கிடக்கும் அந்தச் செல்களில் சுமார் 10 லட்சத்தில் ஒன்றில், மறுபடி கிளம்பக் கூடிய வைரஸ் பதுங்கியிருக்கிறது. இது 1997-இல் தெரிய வந்தது, இன்று வரை அந்த ஒன்றுதான் எல்லாரையும் அலைக்கழிக்கிறது. 10 லட்சத்தில் ஒன்று என்றால் என்ன? எங்கள் வீட்டில் வாங்குவது 10 கிலோ அரிசிப் பை. இரண்டு, இரண்டரைப் பையைத் தரையில் கொட்டினால் ஏறக்குறைய 10 லட்சம் அரிசி இருக்கும். அதில் ஒரே ஒரு கல், அதுவும் அரிசி நிறத்திலேயே அரிசி மாதிரியே இருக்கிற கல். என் அத்தை, அதாவது மாமியார், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுக்குவார்? புற்றுநோயில் கட்டியை விட்டுக் கழன்று இரத்தத்தில் ஓடும் செல்கள் இதைவிட மோசம். 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பரிசோதனை ஒன்று 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தை எடுத்துக்கொண்டு அவற்றை எண்ணுகிறது, பரவிய மார்பகப் புற்றில் 5 செல் அல்லது அதற்கு மேல் இருந்தாலே நிலைமை சரியில்லை என்று அர்த்தம். வெறும் ஐந்து!

முன்பெல்லாம் என்ன செய்வோம், லட்சக்கணக்கான செல்லை ஒன்றாகக் கரைத்து அதில் என்ன இருக்கிறது என்று அளப்போம். ஓர் அண்டாப் பாயசத்தில் ஒரு மிளகு விழுந்தால் நாக்குக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் மிளகு விழுந்தது உண்மை. அதனால்தான் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

இதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருக்கும் கிறிஸ்டோபர் லவ் என்பவரும் கூட்டாளிகளும் 2006-இல் ஒரு விதமாகச் செய்தார்கள். செல்களைக் குழிகளில் போட்டு மேலே ஒரு கண்ணாடியை மூடி வைத்தார்கள், எந்தச் செல் எந்த ஆன்டிபாடியைச் சுரக்கிறதோ அதன் தடம் அந்தக் கண்ணாடியில் அந்தந்த இடத்திலேயே பதியும், கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அதே குழிக்குப் போய் அந்தச் செல்லை உயிரோடு எடுக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை இது. அப்புறம் 2017-இல் அவரும் அலெக்ஸ் ஷாலெக்கும் அவர்களுடைய குழுவும் வெளியிட்டதுதான் உங்கள் கட்டுரை சொல்லும் சீக்வெல். இதில் செல் உயிரோடு மிஞ்சாது, ஆனால் அது கடைசியாக என்ன செய்துகொண்டிருந்தது என்ற முழுக் கதையும் கையில் கிடைக்கும்.

ஒரு பயிற்சி நாளில் அதை என் கையாலேயே செய்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடிச் சில்லின் மேல் ஒட்டிய ஒரு துண்டு சிலிக்கோன் ரப்பர், அவ்வளவுதான் கருவி. சிலிக்கான் தகட்டில் ஒளியால் பொறித்த மேடுகளின் மேல் ரப்பர் கூழை ஊற்றிச் சூட்டில் இறுக விட்டு உரித்தால், மேடு இருந்த இடமெல்லாம் குழி. ஒரு துண்டில் சுமார் 88,000 குழி. முதலில் பொடி மணிகளைக் கொட்டுகிறோம், ஒரு குழிக்கு ஒரு மணிக்கு மேல் உள்ளே போக முடியாத அளவில் செய்த மணிகள். ஒவ்வொரு மணியிலும் ஒரு குறியீடு இருக்கிறது, 12 எழுத்து, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்தில் எழுதியது, 1 கோடியே 67 லட்சம் விதமாக வரலாம், அதனால் இரண்டு மணிக்கு ஒரே குறியீடு வருவது அபூர்வம். பிறகு செல்கள், 200 மைக்ரோலிட்டரில் 15,000. பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயால் மேலே விட்டுவிட்டுப் பத்து நிமிஷம் லேசாக ஆட்ட வேண்டும். தொட்டிலை ஆட்டுகிற வேகம்தான். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது, செல் தன் கனத்தாலேயே குழிக்குள் இறங்குகிறது. 88,000 குழிக்கு ஏன் 15,000 செல் மட்டும் என்று கேட்டேன், நிறையப் போட்டால் ஒரே குழியில் இரண்டு விழும், ஆறு குழிக்கு ஒன்று என்று போட்டால்தான் பெரும்பாலானவை தனியாக இருக்கும் என்றார்கள்.

அதற்கப்புறம் மேலே ஒரு சவ்வை ஒட்டுகிறோம், அதில் 10 நானோமீட்டர் துளைகள், கரைசல் உள்ளே போகும், செல்லின் ஆர்.என்.ஏ., அதாவது செல் எந்தெந்த மரபணுவை இயக்கிக்கொண்டிருந்தது என்று காட்டும் மூலக்கூறு, வெளியே வராது. கரைசல் போனதும் செல் உடைகிறது, அதன் ஆர்.என்.ஏ. தன்னோடு அதே குழியில் இருக்கும் மணியில் போய் ஒட்டிக்கொள்கிறது. இனிமேல் சவ்வை உரித்து எல்லா மணியையும் ஒரே குழாயில் கொட்டிக் கலந்தாலும் கவலை இல்லை, எது எந்தச் செல்லுடையது என்று மணியின் குறியீடு சொல்லிவிடும். நான் ஆட்டி முடித்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது வரிசை வரிசையாகக் குழிகள், ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஒரு மணி, அங்கங்கே மணியின் ஓரத்தில் ஒட்டினாற்போல் ஒரு சின்ன வட்டம், உயிருள்ள ஒரு மனிதச் செல். கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி இருந்தது. கண்ணை எடுக்க மனசு வரவில்லை.

சரி, இப்போது விட்டுப்போன விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கட்டுரை, இந்தக் குழிகளை வைத்து எச்.ஐ.வி. தொற்றிய முதல் நாட்களில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள், இயற்கைக் கொலைச் செல்கள் எனப்படும் வெள்ளையணுக்களில் இதுவரை யாரும் கவனிக்காத, வேகமாகப் பெருகும் ஓர் அரிய வகையைப் பார்த்தார்கள் என்று எழுதுகிறது. 2020-இல் வந்த அந்த ஆய்வு எனக்குத் தெரியும். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முழுக்கட்டுரையிலும் அமெரிக்காவின் பாஸ்டன் என்ற ஊர்ப் பெயர் ஆறு முறை வருகிறது, டர்பன் என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. அந்தக் குழிகளில் இருந்தது டர்பன் அருகே உள்ள உம்லாசிப் பெண்கள் நான்கு பேரின் இரத்தம். நான் வேலைக்குப் போகும் வழியில் தெரிவது உம்லாசியின் குன்றுகள், எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே ஓடுவது உம்லாஸ் ஆறு மட்டும்.

தொற்றிய முதல் சில நாட்களிலேயே ஒருவரின் இரத்தம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். யாருக்கும் அந்த நாளில் தெரியாதே! உம்லாசியில் ஃப்ரெஷ் என்ற திட்டம் 2012-இல் தொடங்கியது, 18 முதல் 23 வயது வரை உள்ள பெண்கள் வாரம் இரண்டு தடவை வந்து, வேலைக்குத் தேவையான பயிற்சியும் வாழ்க்கைத் திறன் வகுப்பும் படித்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் விரலில் குத்தி இரத்தம் கொடுக்கிறார்கள். வாரம் இரண்டு தடவை, மாதக்கணக்காக. அப்படிக் குத்திக் குத்திப் பார்த்ததால்தான் ஒருவருக்குத் தொற்று வந்தால் சில நாளுக்குள் தெரிந்தது, தொற்றுக்கு முந்தைய இரத்தமும் கையில் இருந்தது. இந்த ஆய்வை நடத்தியவர்களில் டர்பனில் இருக்கும் தும்பி ந்டுங்கு என்ற ஆய்வாளரும் உண்டு, அவர் பெயரையும் காணோம். நால்வரின் இரத்தத்தில் இருந்து 60,000-க்குச் சற்றுக் குறைவான செல்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். நால்வரில் இருவர் பின்னால் மருந்தில்லாமலே வைரஸை அடக்கி வைத்தவர்கள், அந்த இருவரிடமும்தான் தொற்று தெரிந்த முதல் வாரத்திலேயே அந்தப் பெருகும் கொலைச் செல்கள் கூடுதலாக இருந்தன. நான்கே பேர் என்பதால் இதை வைத்துப் பெரிதாக முடிவு கட்டக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாசகர் ஒருவர் கேட்கலாம், அந்தப் பெண்களுக்கு ஏன் உடனே மருந்து கொடுக்கவில்லை என்று. எனக்கும் அது உறுத்தியது. தொற்று உள்ள எல்லோருக்கும் உடனே மருந்து என்ற விதி இந்த நாட்டில் 2016 செப்டம்பரில்தான் வந்தது, அதற்கு முன் இரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை குறைந்தால்தான் மருந்து. ஃப்ரெஷ் திட்டத்தில் 2014-லேயே உடனடி சிகிச்சை தொடங்கிவிட்டார்கள், இந்த நால்வரும் அதற்கு முந்தையவர்கள். இதைத் தெரிந்துகொண்டால் அவர்கள் கொடுத்தது இன்னும் பெரிதாகத் தெரிகிறது எனக்கு.

இரத்தம் குழி வரைக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் என் வேலை. குழாயில் ஃபைகால் என்ற தெளிந்த கரைசலை ஊற்றி, குழாயைச் சாய்த்துப் பிடித்து, சுவரோரமாக இரத்தத்தை அதன் மேல் படிய விட வேண்டும், கை கொஞ்சம் நடுங்கினாலும் இரண்டும் கலந்துவிடும். பிறகு வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் கருவியில் அரைமணி நேரம், பிரேக் போடாமல். எடுத்துப் பார்த்தால் மேலே மஞ்சள், அடியில் சிவப்பு, நடுவில் மெல்லிசாக, கலங்கின கஞ்சித் தண்ணி மாதிரி ஒரு வெள்ளை வளையம். நமக்கு வேண்டியது வெள்ளையணுக்கள் இருக்கும் அந்த வளையம்தான். அதை உறிஞ்சி எடுத்துக் கழுவி எண்ணி, மிஸ்டர் ஃப்ராஸ்டி என்று ஒரு டப்பா உண்டு, அதில் வைத்து நிமிஷத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர வைத்து, பிறகு திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குப் போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் கெடாது. ஆனால் இவ்வளவும் இரத்தம் எடுத்த சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். தாமதமானால் செல் சாகும். செத்த செல்லில் இருந்து கசிகிற ஆர்.என்.ஏ. பக்கத்துச் செல்களின் மணியிலும் போய் ஒட்டி எல்லாவற்றையும் குழப்பிவிடும். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளைக்கு மூன்று தடவை கரண்டு போகும், நாங்கள் கரண்டு அட்டவணையைப் பார்த்துத்தான் இரத்தத்தையே சுழற்றுவோம். கரண்டு இல்லாமல் செல் தானாக இறங்கும் ஒரு குழித் தகட்டின் அருமை எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

தாமதம் என்றால் என்ன என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். என் மாமாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் அப்பாவுக்கு, மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று. சிகிச்சை முடிந்ததும் மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், லட்சம் செல்லில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் கண்டுபிடிக்கும் பரிசோதனை, அதற்கு இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். புனித வெள்ளிக்கு முந்தின நாள் அது. மறுநாள் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, வருஷம் தவறாமல் போகிறவர், அந்த வருஷம் போக முடியாமல் குப்புறப் படுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை போன் வந்தது. நாலு நாள் விடுமுறையில் குழாய் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்துவிட்டது, செல் எல்லாம் போய்விட்டது, இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார்கள். எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை, அங்கே வேலை செய்கிறவர்களும் என்னைப் போன்றவர்கள்தான். ஆனால் இரண்டாவது ஊசிக்கு நான்தான் கூடப் போனேன், துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார், விட்டபோது அவர் விரல் ஐந்தும் என் தோலில் பதிந்திருந்தது. குழாயைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நானே காரை ஓட்டி ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். மாமா இப்போது இல்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம், எங்கள் ஆட்கள் இரத்தம் கொடுக்கத் தயங்குகிறார்கள். தானம் என்றால் கொடுப்பார்கள், கோயில் மண்டபத்தில் முகாம் வைத்தால் வரிசை நிற்கும். ஆராய்ச்சிக்கு என்றால் முகம் மாறிவிடும். "எடுத்து என்ன செய்வானுங்களோ" என்பார்கள். பெரியவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். டர்பன் நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களை 1960-களில் நிறவெறி அரசாங்கம் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தில் போட்டது, என் அத்தையின் குடும்பமும் அதில் ஒன்று, அந்தத் தலைமுறை ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் யாரும் எடுக்க முடியாது, நீங்கள் படித்துப் புரிந்து சம்மதித்தால்தான், நடுவில் வேண்டாம் என்றால் விலகிவிடலாம், அது சட்டம். எச்.ஐ.வி. என்றால் அது வேறு யாருக்கோ வருகிற வியாதி என்று நினைக்கிறவர்களும் எங்களில் உண்டு. நாட்டில் சுமார் 80 லட்சம் பேர் அதோடு வாழ்கிறார்கள், இதில் வேறு யாரோ என்று யாரைச் சொல்வது? சர்க்கரை வியாதியும் இங்குள்ள இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் மிக அதிகம், எங்கள் உடம்பில் மட்டும் தெரியக் கூடிய அரிய செல் ஒன்று இருந்தால், எங்கள் இரத்தம் அந்தக் குழிகளுக்குப் போகாமல் அதை எப்படிப் பார்ப்பது?

போன ஆடி மாதக் கஞ்சிப் பூசையில் அண்டா ஓரம் நின்றுகொண்டு இதைத்தான் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பிள்ளைகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், வந்து விவரம் கேட்டார்கள். ஒரு பெண் தன் பாட்டியையும் கூட்டி வந்தாள், பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "எடுத்த இரத்தத்துல என்ன பாத்தீங்கன்னு எங்களுக்குத் திரும்பச் சொல்வீங்களா?" அதற்கு என்னால் முழுதாக ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஆய்வு முடிந்தால் அது ஆங்கிலத்தில் ஓர் இதழில் வருகிறது, அதைப் பாட்டி எங்கே படிப்பார்?

உங்களைப் போன்ற பத்திரிகை அதைச் செய்ய முடியும், போன வாரம் பாதி செய்தும் இருக்கிறீர்கள். மீதிப் பாதியாக நான் கேட்பது இதுதான். இணையப் பதிப்பில் அந்தக் கட்டுரை இன்னும் இருக்கிறது, அதில் குழிகளின் படத்துக்குக் கீழே இரத்தம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேருங்கள், டர்பன் அருகே உம்லாசியில் இருக்கும் இளம்பெண்கள் கொடுத்தது என்று. கிணறு என்பதைக் குழி என்று மாற்றுங்கள். இந்தத் துறையில் இன்னொரு கட்டுரை போடுவதாக இருந்தால், இரத்தம் எடுப்பது, பிரிப்பது, உறைய வைப்பது பற்றி என்னிடம் கேளுங்கள், படமும் எடுத்து அனுப்புகிறேன். திருத்தம் வந்ததும் அச்செடுத்து அந்தப் பாட்டிக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன், அவர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான்.

இப்படிக்கு,
ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.